குண்டோடு வந்தவர்களும் கட்டுமரத்தில் நின்றவர்களும்

சென்னையில் இப்போது தள்ளாடுவதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். டாஸ்மாக்கைச் சொல்லவில்லை, ஜிம்மைச் சொல்கிறேன். காற்றடைத்த பெரிய பந்து ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் உட்கார், படு, முழங்காலிடு, ஆனால் விழாதே என்கிறார்கள். அது முடிந்ததும் கனமான இன்னொரு பந்து வரும். அதைத் தூக்க வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும். முதலாவது ஸ்டெபிலிட்டி பால், இரண்டாவது மெடிசின் பால். ஒரு மாதம் உருண்டுவிட்டு வருகிறவர் முகத்தில் ஞானம் பெற்ற களை வந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கெல்லாம் இடுப்புத் தசையின் மகிமையைப் போதிக்கத் தொடங்கிவிடுகிறார்.

அதே சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு. ஏரியும் கடலும் கைகோக்கும் அந்த ஊரின் குப்பங்களில், ஆடும் பொருளின்மேல் விழாமல் நிற்பதை எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். யாரும் சான்றிதழ் தரவில்லை. விழுந்தால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான் பாடத்திட்டம். இந்த ஊரின் சரித்திரத்தைத் துணி வணிகம், வெடிமருந்து, கோட்டை, கல்லறை என்று பல கோணங்களில் எழுதிவிட்டார்கள். உருண்டையின் கோணத்தில் மட்டும் யாரும் எழுதவில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டுரை தீர்த்துவைக்கிறது. பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

உலக உருண்டைகள்: ஒரு சிறு சுற்று

கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் தோல்பையில் மணலை அடைத்து நோயாளிகளிடம் எறிந்தார் என்று ஜிம் உலகில் ஒரு கதை உலவுகிறது. பீஸ் பாக்கி வைத்தவர்களிடம் எறிந்தார் என்றால் உடனே நம்பிவிடலாம். ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமானால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு காலனுக்கு வர வேண்டும். ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கே நாடி பார்த்த இந்த மருத்துவர், சிறு பந்துப் பயிற்சியைப் பற்றித் தனி நூலே எழுதினார். வேட்டையாடக் குதிரை வேண்டும், நாய் வேண்டும், வலை வேண்டும், ஓய்வு நேரமும் வேண்டும். பந்துக்கு இதெல்லாம் வேண்டாம், பரம ஏழையும் ஆடலாம் என்பது அவர் வாதம். பின்னொரு நாளில் அதே பந்தை மாதத் தவணையில் விற்பார்கள் என்று அந்த மனிதர் எங்கே கண்டார்!

அடுத்த முக்கிய உருண்டை அமெரிக்காவில். ஹெர்பர்ட் ஹூவர் 1929-ல் அதிபரானார்; அதே வருஷம் பங்குச்சந்தை கவிழ்ந்தது. நாடு தரையில் கிடக்க, அதிபர் காலை ஏழு மணிக்கு வெள்ளை மாளிகைப் புல்வெளியில் சகாக்களோடு எட்டடி உயர வலைக்கு மேலே மெடிசின் பாலை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். பந்தின் எடை ஆறு பவுண்டு. அதிபரின் தொப்பையைக் கரைக்க அவருடைய டாக்டர் ஜோயல் பூன் கண்டுபிடித்த ஆட்டம் அது. ‘ஹூவர்பால்’ என்றே பெயர் நிலைத்தது. அதிபருக்கு எடை குறைந்தது. 1932 தேர்தலில் ஓட்டும் குறைந்தது.

கனத்த உருண்டையைத் தூக்க நாம் வாஷிங்டன் போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. குந்தி, கல்லை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குத் தள்ளி, முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். பிடி கிடையாது, வழுவழு உருண்டை; நழுவினால் பாதம் பஞ்சாமிர்தம். தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதைப் பற்றி ஊர்ப்பேச்சு வாயே திறப்பதில்லை.

நம் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டையையும் வெள்ளைக்காரன் விடவில்லை. கும்பினிப் பட்டாளத்தின் வழியாக அது சீமைக்குப் போயிற்று. 1834-ல் டொனால்ட் வாக்கர் லண்டனில் அதைப் புத்தகத்தில் ஏற்றினார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. அப்புறம் 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, நமக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர், நல்ல கல்லூரி, அதில் குறையில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கட்டையை ஏற்றுமதி செய்தோம், வாத்தியாரை இறக்குமதி செய்தோம்.

ஸ்டெபிலிட்டி பாலின் ஜாதகம் இன்னும் கோளாறானது. 1963-ல் அதைச் செய்தவர் அக்விலினோ கோசானி, இத்தாலியில் பிளாஸ்டிக் சாமான் தயாரித்தவர். சிகிச்சைக்கு அதை எடுத்துக்கொண்டவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் மேரி குவின்டன். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு அதன்மேல் பயிற்சி கொடுத்தார். பாசல் நகரத்து சூசன் கிளைன்-ஃபோகல்பாக் பெரியவர்களின் முதுகு இடுப்புக் கோளாறுகளுக்கு அதைக் கொண்டுவந்தார். ஜோவான் போஸ்னர்-மேயர் என்ற அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் அதைத் தன் நாட்டில் பரப்பினார். அமெரிக்கர்கள் பார்த்தார்கள், ‘சுவிஸ் பால்’ என்று கூப்பிட்டுவிட்டார்கள். சமைத்தவர் ஒருத்தர், பரிமாறியவர் ஒருத்தர், மொய் விழுந்தது பக்கத்து மண்டபத்தில்.

நம் கடற்கரையிலேயே உள்ள ஆகப்பெரிய உருண்டையையும் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்தில் வழுக்குப் பாறைச் சரிவில், இதோ விழுந்தேன் என்ற பாவனையில் ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ உட்கார்ந்திருக்கிறது. எடை சுமார் 250 டன் என்பார்கள். 1908-ல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி, இது யார் தலையிலாவது உருண்டுவிடும் என்று பயந்து, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாக அங்கே கதை சொல்வார்கள். யானைகளுக்கு மூச்சு வாங்கியது; கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. யானையிடம் இருந்தது பலம், கல்லிடம் இருந்தது சமநிலை. அன்றே இந்தப் பாடம் லண்டனுக்குத் தந்தியில் போயிருந்தால் சாம்ராஜ்யம் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

கோட்டைக்குள் ஒரு பந்து விளையாட்டு

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெயர்தான் பெரிது, ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். தற்கொலைக்கு வந்தவன் சளிபிடித்துத் திரும்பலாம். இந்த ஏரியின் கரையில் உலக வல்லரசுகள் வரிசையாக வந்து நின்றன என்றால், இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு ஆசை மிதந்திருக்கிறது பாருங்கள்.

போர்த்துகீசியர் முதலில் வந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் வந்து, 1610-ல் விஜயநகர அரசின் அனுமதி வாங்கிக் கடை விரித்தார்கள். முன்னால் வந்தவனுக்கு அடுத்த கடையைக் கண்டால் ஆகுமா? 1612-ல் போர்த்துகீசியர் கடையை அடித்து நொறுக்கினார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டையே கட்டிவிட்டார்கள். கட்டிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக ‘கெல்ட்ரியா’ என்று பெயர் சூட்டினார். வெளிநாட்டில் வீடு கட்டி ஊர்ப்பெயரைப் பொறிக்கும் வழக்கம் நம் துபாய்க்காரர்கள் தொடங்கியதில்லை என்பது இதனால் உறுதியாகிறது.

கோட்டை என்றால் பீரங்கி. பீரங்கி என்றால் இரும்புக் குண்டு. பழவேற்காட்டுக்கு வந்த முதல் அயல்நாட்டு மெடிசின் பால் அதுதான். தூக்கவும் கனம், எறியவும் தோது. எதிராளி மட்டும் திரும்பப் பிடித்துப்போட மாட்டான். குண்டுக்கு மருந்து வேண்டுமே, அதற்கும் இங்கேயே பட்டறை போட்டார்கள். பழவேற்காட்டு வெடிமருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை போயிற்று. மனிதர்களும் அடிமைகளாக இதே துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அதைப் பற்றிச் சிரிக்க ஒன்றுமில்லை.

நடுவில் இங்கிலீஷ்காரர்கள் பங்கு கேட்டு வந்தது தனிக் கூத்து. 1619-ல் டச்சு, ஆங்கிலேயக் கம்பெனிகள் இரண்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன்படி 1621-ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் ஒண்டுக்குடித்தனம் வந்தார்கள். கோட்டைக் காவல் செலவில் பாதி அவர்கள் தலையில். வீட்டுக்காரருக்கும் குடக்கூலிக்காரருக்கும் ஒத்துப்போகுமா? சீக்கிரமே மூட்டையைக் கட்டினார்கள். 1626-ல் ஏரியின் வடகோடிப் பக்கம் ஆர்மகானில் குடியேறினார்கள்; அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் 1639-ல் தெற்கே மணல்மேடு ஒன்றைப் பிடித்து மதராஸ் பட்டணத்தைத் தொடங்கினார்கள். ஆக, பழவேற்காட்டில் ஒரு கூட்டத்துக்குக் கால் வழுக்கியதில் கிடைத்த ஊர்தான் சென்னை. மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் தடுக்கி விழும்போது இந்தப் பூர்வீகத்தை நினைத்துக்கொள்ளலாம்.

டச்சுக்காரர்கள் 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் பழவேற்காட்டுக் கோட்டையின் கதை முழுக்க எறிந்து பிடிக்கும் பயிற்சிதான். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1784 உடன்படிக்கைக்குப் பிறகு திருப்பிப் போட்டார்கள். 1795-ல் மறுபடி பிடித்தார்கள். 1818-ல் மறுபடி திருப்பிப் போட்டார்கள். 1825-ல் கடைசியாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் டச்சுக் கம்பெனியே 1799 டிசம்பர் 31-ம் தேதியோடு கடனில் மூழ்கிக் கலைந்துபோனது. பொதுமக்களுக்குப் பங்கு விற்ற முதல் பெரிய கம்பெனி அது. எறிவதிலும் பிடிப்பதிலும் மன்னர்கள், நிற்பதில் கோட்டைவிட்டார்கள்.

இப்போது கோட்டை இருந்த இடம் புதர். மிச்சமிருப்பது தொல்லியல் துறைக் காவலில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். அதன் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கொழுப்பு விழுக்காடு பூஜ்யம், முதுகு நேர், நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதே நிலை. கெல்ட்ரியாவின் சார்பில் இன்றும் அசையாமல் நிற்பவர்கள் அந்த இருவர் மட்டும்தான்.

சுவரில்லாத படகு

இந்தக் கூத்தெல்லாம் நடந்த இருநூற்றுச்சொச்சம் வருஷமும் குப்பத்துக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்? கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வல்லரசுகளே அவர் தயவில்தான் கரையேறின. பெரிய கப்பல் ஒரு மீட்டர் ஏரிக்குள் எப்படி வரும்? கடலில் தள்ளி நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். உள்ளூர்ப் படகுக்காரர் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் இறக்கிவந்தால் உண்டு. மதராஸிலும் இதே கதிதான். துறைமுகம் கட்டுவதற்கு முன், துரைமார் மசூலாப் படகில் உயிரைக் கையில் பிடித்து வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தைப் படகுக்காரர் தோளில் சவாரி செய்து கடந்தார்கள். கவிழ்ந்தவர்களை அள்ளிவரக் கட்டுமரக்காரர்கள் கூடவே போனார்கள். உயிர் காத்தவர்களுக்கு மெடல் கொடுத்தார்கள். கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, ஒரு சொட்டு நனையாமல் கப்பலுக்குக் கொண்டுசேர்த்ததும் அவர்கள்தான். நாட்டை ஆள வந்தவர் நாட்டில் கால் வைக்கவே ஒரு மீனவர் சமநிலை தவறாமல் இருக்க வேண்டியிருந்தது.

கட்டுமரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கனமில்லாத சில மரக்கட்டைகளைச் செதுக்கிச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். பக்கச் சுவர் இல்லை, உட்குழி இல்லை. அலை இடுக்குகளின் வழியே ஏறி, வந்த வழியே இறங்கிப்போகும், ஆகவே மூழ்காது. இந்த உத்தரவாதம் மரத்துக்குத்தான். மேலே நிற்கிறவருக்கு இல்லை.

ஆட்கள் மரத்தைத் தள்ளிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குப் போவார்கள். ஒரு அலையை விடுவார்கள், இன்னொன்றையும் விடுவார்கள், இடைவெளி பார்த்து ஒரே தாவு. முழங்காலிட்டுத் துடுப்பு வலிப்பார்கள். அலை உடையும் இடத்தில் மரத்தின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அடுத்த கணம் பள்ளத்தைப் பார்க்கும். அதைத் தாண்டியபின் எழுந்து நிற்பார்கள். விஷயமே அந்த நிற்பில் இருக்கிறது. முழங்கால் லேசாக மடிந்திருக்கும். கால்விரல்கள் கட்டையைக் கவ்வியிருக்கும். இடுப்புக்குக் கீழே ஓயாத வேலை, இடுப்புக்கு மேலே அமைதி. அந்த அமைதியில் நின்றுதான் வலை வாங்க வேண்டும். நனைந்த வலை, அதில் மீன், அதோடு கடல் இழுக்கும் இழுப்பு. மரம் ஒரு பக்கம் சாய நினைப்பதற்குள் மறு பக்கத்துக் கால் மிதித்திருக்கும்.

ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பந்தின்மேல் உட்கார்ந்து கற்றுக்கொள்வதும் இதையேதான். உடம்பு நிமிர்ந்து நிற்க மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லும். கண் அடிவானத்தைச் சொல்லும். மூட்டிலும் தசையிலும் பாதத்திலும் உள்ள உணர்விகள், உடம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும். மூளை மூன்றையும் கூட்டிக் கழித்து, வயிறு, முதுகு, இடுப்பு, கணுக்கால் தசைகளை அந்தந்த நொடியில் இழுத்துப்பிடிக்கும். விடியலுக்கு முன் கடலில் அடிவானமே தெரியாது. மூன்றில் ஒன்று விடுப்பு. மிச்சம் இரண்டை வைத்தே வலை வாங்குவார்கள். நம் பயிற்றுநர் அதையே ‘கண்ணை மூடிக்கொண்டு பந்தில் உட்காருங்கள்’ என்று மூன்றாம் மாதப் பாடமாக வைத்திருக்கிறார்.

கரை வந்தாலும் விடிவு கிடையாது. கயிற்றை அவிழ்த்து, ஊறிக் கனத்த கட்டைகளைத் தோளில் தூக்கிப்போய் மணலில் காயவைக்க வேண்டும். ஜிம்மில் எறிந்த பந்தை எடுத்து அடுக்கில் வைக்காமல் நழுவுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

ஏரிப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம். இருளர் பெண்கள் தண்ணீர் வற்றும் வேளையில் இறங்கி, குந்திய நிலையிலேயே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவும். இறால் துள்ளும் முன் விரல் மூடிவிடும். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறி. கைகளுக்கு வேலை இருப்பதால் அதன் கயிறு பல்லுக்கிடையில். பாதத்துக்குக் கீழே வழுக்குச் சேறு, முழங்காலில் நீரோட்டம், வாயில் பறி, மணிக்கணக்கில் இதே குந்தல். நகரத்தில் இருபது ஸ்குவாட் போட்டதற்குப் படியிறங்க முடியாமல் மறுநாள் லீவு கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

சமநிலை உடம்போடு நின்றுவிடவில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பத்தில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் விழும் நல்ல இடங்கள் சிலதான். வலை போட ஆள் நிறைய. சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். நல்ல இடத்தை ஒருத்தரே வளைத்துப்போட முடியாது. இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளால் ஒரு கோட்டைச் செலவைப் பங்குபோட முடியாத ஊரில்தான் இது நடந்தது. ஆனாலும் தராசின் இந்தத் தட்டை மட்டும் பார்த்து மெய்சிலிர்க்க வேண்டாம். பாடு உரிமை குறிப்பிட்ட சாதியின் ஆண்களுக்குத்தான். பறியைப் பல்லில் கடித்த பெண்ணுக்கு அந்தச் சீட்டுக் குலுக்கலில் சீட்டே கிடையாது.

ஒற்றைக்காலில் நின்றவர்களும் விழுந்த ராக்கெட்டும்

சமநிலைப் போட்டியில் பழவேற்காட்டின் நிரந்தர சாம்பியன் பூநாரை. பனிக்காலத்தில் கூட்டமாக வந்து, ஏரிச் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றபடியே தூங்கும். என்ன தவம், என்ன தசை என்று வியந்துகொண்டிருந்தோம். 2017-ல் அட்லாண்டா விஞ்ஞானிகள் இருவர் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். செத்த பூநாரையைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிகிறதாம். இரண்டு காலில் நிறுத்தினால்தான் விழுகிறதாம். எலும்பும் மூட்டும் அப்படிப் பூட்டிக்கொள்கின்றன. தசைக்கு வேலையே இல்லை. ஆக, இத்தனை காலமாக அது சோம்பேறித்தனத்தைத்தான் தவமென்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நம்மிடையிலும் ஆட்கள் உண்டு, பெயர் வேண்டாம்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் படுத்திருக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கேயும் சமநிலைப் பயிற்சிதான், தளவாடம் மட்டும் கொஞ்சம் விலை கூடுதல். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. 17 டன் எடை, அப்துல் கலாம் திட்ட இயக்குநர். முதல் கட்டம் அழகாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில், ராக்கெட்டை நேராகப் பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. தள்ளும் பலம் இருந்தது. சாயும்போது மிதிக்க ‘மறு பக்கத்துக் கால்’ இல்லை. 317 நொடியில் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அடுத்த முறை, 1980 ஜூலை 18-ல், ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது பேச கலாமை அனுப்பினார். ராக்கெட் வரலாற்றில் எனக்குப் பிடித்த சமநிலை அந்த மனிதருடையதுதான்.

ராக்கெட் விடும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள். நியாயம்தான். பத்திரமாக நிற்கத் தெரிந்தவர்களை, விழ வாய்ப்புள்ளது ஒன்று மேலே போகும்வரை ஓரமாக இருக்கச் சொல்கிறார்கள்.

காற்றுக்கு விலை

2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். கட்டுமரம் ஒதுங்கியது. அதற்காகக் கண்ணீர் விட வேண்டாம். கட்டுமரம் உடம்பை முறுக்கியதோடு முழங்காலையும் முதுகையும் தேய்த்தது. ஓய்வு நாள் கொடுக்கவில்லை, பல பேரைத் திருப்பியும் அனுப்பவில்லை. நாம் பார்த்து ரசிப்பதற்காக யாரும் நாலு கட்டைமேல் நிற்க வேண்டியதில்லை. எஞ்சினும் பக்கச் சுவரும் அவர்களுக்கு வந்தது நல்லதுதான்.

ஆனால் எஞ்சின் வந்த வீட்டுக்குப் பந்தும் வரத்தானே செய்யும். கீழ்வரும் உரையாடலுக்குக் கல்வெட்டு ஆதாரம் கிடையாது; நடந்திருக்காது என்று சத்தியம் செய்யவும் நான் தயாரில்லை.

“இன்னா மாப்ள இது, இம்மாம் பெருசு?”

“இதுமேல குந்திப் பழகணும் மாமா. இடுப்பு கெட்டியாவும்.”

“எவ்ளோ?”

“ஆயிரத்தி எறநூறு.”

“உள்ள இன்னா கீது?”

“காத்து.”

“காத்துக்கா ஆயிரத்தி எறநூறு? அந்தக் காசுக்கு வலை வாங்கியிருந்தா நாலு நண்டாவது மாட்டியிருக்கும். சரி, குந்தினா இன்னா ஆவும்?”

“ஆடும் மாமா. ஆடும்போது வுழாம இருக்கணும்.”

“வுழுந்தா?”

“சிமெண்ட்டுத் தரை மாமா.”

“எங்களுக்காவது கீழ தண்ணி இருந்திச்சு.”

மாமா சொன்னதில் மருத்துவம் இருக்கிறது. பந்தை வாங்கியே தீருவேன் என்பவர்கள் சிலவற்றைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் செங்கோணத்தில் மடிய வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். ஐந்தடி ஐந்தங்குலத்துக்குக் குறைவானவர்களுக்கு 55 செ.மீ. பந்து, அதற்கு மேல் ஆறடி வரை 65 செ.மீ., அதையும் தாண்டியவர்களுக்கு 75 செ.மீ. என்பது பொதுவான அளவு. பக்கத்தில் மேசை முனை இருக்கக் கூடாது. மெடிசின் பாலை ஒரு கிலோ, இரண்டு கிலோவிலிருந்து தொடங்குங்கள். பத்து முறை எறிந்தபின்னும் முதுகு வளையாமல் இருந்தால் அதுதான் உங்கள் கனம். துள்ளும் ரகத்தைச் சுவரில் முழு வேகத்தில் அடித்தால் அது நேரே மூக்கைத் தேடி வரும்.

முக்கியமானது ஒன்று உண்டு. பந்துமேல் நின்றுகொண்டு பளு தூக்கும் வீடியோக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆடும் தளத்தில் தசையால் முழு விசையைக் காட்ட முடியாது. விழாமல் இருப்பதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது. பலத்தைக் கெட்டித் தரையில் வளர்க்க வேண்டும், சமநிலையை ஆடும் தளத்தில் தனியே பழக வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் செய்த கட்டுமரக்காரர் அதைச் சிறு வயதிலிருந்து பழகினார். நாம் நாற்பது வயதில் யூடியூப் பார்த்து ஆரம்பிக்கிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாம் பந்து கோணல் என்று அமேசானுக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

இதெல்லாம் வெறும் விளையாட்டில்லை. கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் முதியவர்களே அதிகம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பிடிமானமில்லாமல் ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்களுக்கு அடுத்து வந்த வருஷங்களில் இறப்பு வாய்ப்பு கணிசமாக அதிகமாக இருந்தது என்று 2022-ல் எழுதினார்கள். ஒற்றைக்கால் உயிரைக் காப்பாற்றும் என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஆகவே வீட்டில் அறுபதைத் தாண்டியவர் இருந்தால், அவருக்குப் பந்து வாங்கும் முன் குளியலறையில் ஒரு கைப்பிடி மாட்டுங்கள். பிறகு சமையல் மேடையை ஒரு கையால் பிடித்தபடி தினமும் கொஞ்ச நேரம் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நில்லுங்கள், செலவில்லை. சாம்ராஜ்யம் விழுந்தால் புத்தகம் எழுத ஆள் வரும். தாத்தா விழுந்தால் நாம்தான் தூக்க வேண்டும்.